டேக்ஆஃப் ஆன கையோடு எஞ்சின் நின்றால்: செஸ்னா 172 ஓட்டப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சோலோ பறக்கப் போகும் மாணவரிடம் ‘500 அடியில் எஞ்சின் நின்றால் என்ன செய்வாய்?’ என்று கேட்டால் உடனே பதில் வரும்: ‘நேராக இறங்குவேன்.’ ‘எங்கே?’ என்று அடுத்த கேள்வி போட்டால் முழிப்பார். சிக்கல் அந்த இரண்டாவது கேள்வியில்தான். கிளம்பிய முதல் நிமிடத்தில் எஞ்சின் நின்றால் யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்க வேண்டியதையெல்லாம் தரையிலேயே யோசித்து முடித்திருக்க வேண்டும். மேலே கைக்கு மட்டும்தான் வேலை.

இதிலுள்ள எண்கள் எல்லாம் செஸ்னா 172எஸ் விமானத்துக்கு உரியவை. லைகமிங் ஐஓ-360-எல்2ஏ எஞ்சின், 180 குதிரைத்திறன், இன்ஜெக்‌ஷன் வகை. நீங்கள் ஓட்டுவது வேறு என்றால் வரிசை ஏறக்குறைய இதேதான், எண்கள் மாறும். பயிற்றுநர் சொல்வதும் விமானத்தின் கைப்புத்தகம் சொல்வதும் இதற்கு மாறாக இருந்தால் அவையே சரி.

1. முதலில் காகிதங்கள்

விமானத்தின் கைப்புத்தகத்தில், அதாவது பிஓஹெச்சில், மூன்றாம் பகுதி அவசர நடைமுறை, ஐந்தாம் பகுதி செயல்திறன் அட்டவணை. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். 172எஸ்ஸுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை, முழு எடையான 2550 பவுண்டில்:

- மூக்கைத் தூக்கும் வேகம் 55 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்)
- கடல் மட்டத்தில் அதிவேக ஏற்றத்துக்கு 74
- டேக்ஆஃப் ஆன உடனே எஞ்சின் நின்றால்: ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) மேலே என்றால் 70, கீழே என்றால் 65
- உயரத்தில் நின்றால், நீண்ட கிளைடுக்கு (எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறப்பதற்கு) 68
- ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்): ஃப்ளாப் இல்லாமல் 48, முழு ஃப்ளாப்பில் 40

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகளில் கையில் கொடுக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட செக்லிஸ்ட், பல சமயம் வேறொரு மாடலுக்கு அச்சடித்தது. பழைய 172என்னுக்கு 70, 65 அல்ல, 65, 60. செஸ்னா 152க்கு 60. ‘172’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்பாமல், கடைசி எழுத்தையும் பாருங்கள்.

அடுத்து விமானத்தின் டெக் லாக், அதாவது கோளாறுகளைப் பதியும் புத்தகம். கடைசி பத்துப் பதிவுகளைப் புரட்ட ஐந்து நிமிடம் போதும். ‘எஞ்சின் ரஃப்’, ‘மேக்னெட்டோ டிராப் அதிகம்’ (மேக்னெட்டோ: பிளக்குக்கு மின்பொறி தருவது) என்று எழுதி, எதிரே ‘தரையில் சோதித்தோம், சரியாக உள்ளது’ என்று கையெழுத்து இருக்கும். ஒரு தடவை என்றால் சரி. அதே புகார் ஒரே மாதத்தில் இரண்டாம் முறை வந்திருந்தால் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பொறியாளரிடம் கேட்காமல் ஏறாதீர்கள்.

2. எரிபொருளைப் பதின்மூன்று இடத்தில் வடியுங்கள்

டேக்ஆஃபில் எஞ்சின் நிற்பதற்கான காரணங்களில் நம் கையில் இருப்பவை பெரும்பாலும் எரிபொருள் சம்பந்தப்பட்டவை. 172எஸ்ஸில் வடிகால்கள் ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, எஞ்சின் பக்கம் அடியில் மூன்று, ஆக 13. எல்லாவற்றையும் வடித்துப் பார்க்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. தண்ணீர் அந்த மிச்ச இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும்.

100எல்எல், அதாவது ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல், நீல நிறம். தண்ணீர் அதைவிடக் கனமானது, நிறமற்றது. கலந்து வந்தால் குழாயின் அடியில் தெளிவாக ஒரு கோடு தெரியும். ஆனால் வந்தது முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடே தெரியாது! ‘கலப்பில்லை’ என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவீர்கள். அதனால் குழாயை வெள்ளைக் காகிதத்துக்கோ வெளிச்சத்துக்கோ எதிரே பிடித்து நீல நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். மோந்தும் பாருங்கள்.

ஜெட் எரிபொருள் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள். ஏவ்கேஸ் ஆவியாகித் தடம் இல்லாமல் போகும். ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறையாக வளையம் விட்டு நிற்கும். ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின் விமானங்களும் பெட்ரோல் எஞ்சின் விமானங்களும் ஒரே ஏப்ரனில் நிற்கும் பள்ளி என்றால் எண்ணெய் நிரப்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

இரவு பாதி டேங்கோடு வெளியே நின்ற விமானமும், மழையில் நனைந்த விமானமும் தனிக் கவனம் கேட்பவை. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீர் நேராக உள்ளே போகும். தண்ணீர் வந்தால் இறக்கையை லேசாக ஆட்டி, சற்றுப் பொறுத்து, மறுபடி வடியுங்கள். நான்கைந்து தடவைக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை. வடிக்கும் குழாய் சில நூறு ரூபாய்தான். சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைப்பர் விமானங்களில் இடது டேங்க், வலது டேங்க் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரன்-அப் (கிளம்பும் முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை) முடிந்த பிறகு டேங்கை மாற்றாதீர்கள். குமிழ் தப்பான இடத்தில் நின்றாலும் குழாயில் மிச்சமிருக்கும் எரிபொருளில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். அது தீரும் இடம் பெரும்பாலும் ரன்வேயின் முடிவுக்கு மேலேதான். மாற்றுவதை ரன்-அப்புக்கு முன்பே செய்துவிட்டால் தகராறு தரையிலேயே தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் எஞ்சின் என்றால் ஐஸ். வெளியே 25 டிகிரி வெயில் இருந்தாலும், காற்றில் ஈரம் அதிகமென்றால் ரன்வே வாசலில் ஐடிலில் காத்திருக்கும்போதே கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும். கிளம்புவதற்குச் சற்று முன் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழை) முழுதாக இழுத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். கார்புரேட்டர் இல்லாத 172எஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் தொல்லை வேறு: உச்சி வெயிலில் சூடான எஞ்சினை மறுபடி கிளப்பும்போது குழாயில் ஆவி அடைத்துத் தடுமாறும். தடுமாற்றம் முழுதாக அடங்கும்வரை ரன்வேக்குள் நுழையாதீர்கள்.

3. அன்றைய வெயிலுக்குக் கணக்குப் போடுங்கள்

கடல் மட்டத்தில் தர வெப்பநிலை 15 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை வைத்து எஞ்சின் உணரும் உயரம்) சுமார் 120 அடி கூடும். 40 டிகிரி வெயிலில் கடலோர விமானத்தளமே எஞ்சினுக்கு 3000 அடி மலைபோல்தான். பெங்களூரு ஜக்கூர் ஏற்கெனவே சுமார் 3000 அடியில் இருக்கிறது. அங்கே 33 டிகிரி என்றால் எஞ்சின் கிட்டத்தட்ட 6000 அடியில் இருப்பதாக உணரும். அப்படிப்பட்ட இடத்தில் மிக்ஸ்சரை (காற்றோடு எரிபொருள் கலக்கும் அளவை) முழு ரிச்சில், அதாவது எரிபொருள் மிக அதிகமாக, வைத்தால் சக்தி இன்னும் குறையும். பிரஷர் ஆல்டிட்யூட் (காற்றழுத்தப்படி உயரம்) 3000 அடிக்கு மேல் இருந்தால், நின்ற இடத்தில் முழு த்ராட்டில் கொடுத்து ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும்வரை லீன் செய்யச் (எரிபொருளைக் குறைக்கச்) சொல்கிறது கைப்புத்தகம். நேர்மாறான தவறும் உண்டு: டாக்ஸியில் பிளக் அடையாமலிருக்க லீன் செய்த மிக்ஸ்சரை அப்படியே மறந்துவிட்டுக் கிளம்புவது.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், ‘உயரம் கிடைத்துவிட்டால் ரன்வேக்குத் திரும்பிவிடலாம்’ என்ற நம்பிக்கை எங்கே உடைகிறது என்று பார்க்க. காற்றில்லாத நாள். 74 நாட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7500 அடி முன்னால் போகிறீர்கள். வெயிலில் நிமிடத்துக்கு 500 அடிதான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 அடி உயரத்துக்கு இரண்டு நிமிடம். அதற்குள் கிளம்பிய புள்ளியிலிருந்து 15,000 அடி தள்ளிப் போயிருப்பீர்கள். அந்த 1000 அடியை வைத்துக்கொண்டு கிளைடில் போகக்கூடிய தூரமோ சுமார் 9000 அடி. திரும்புவதில் கரையும் உயரம் தனி. நேராக ஏற ஏற ரன்வே எட்டும் தூரத்தை விட்டு விலகிக்கொண்டே போகிறது! குளிர்ந்த காலையில் நிமிடத்துக்கு 730 அடி ஏறினாலும் 1000 அடிக்குள் 10,000 அடிக்கு மேல் போய்விடும். 3000 மீட்டர் ரன்வே என்றால் அதன் நீளம் இந்தத் தூரத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். 900 மீட்டர் ரன்வேயில் கழிக்க ஒன்றுமில்லை.

4. எங்கே இறங்குவது என்று முந்தின நாளே பாருங்கள்

ஏரோட்ரோம் வரைபடம் விமான நிலைய ஆணையத்தின் ஏஐபியில் (விமானத் தகவல் வெளியீட்டில்) இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ரன்வேயின் இரு முனைகளுக்கும் அப்பால் உள்ள நிலத்தைப் பாருங்கள். 200 அடி உயரத்திலிருந்து கிளைடில் எட்டுவது 550 மீட்டர். 500 அடியிலிருந்து 1.4 கிலோமீட்டர் போல. இவை காற்றில்லாமல், திரும்பாமல் கிடைக்கும் தூரங்கள். எதிர்காற்று இருந்தால் குறையும். மூக்குக்கு இருபுறமும் 30 டிகிரிக்குள் இந்தத் தூரங்களில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு முனைக்கும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு முனைக்கு அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

படம் பழையதாக இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அதில் வெற்று நிலமாகத் தெரிந்தது இன்று மனைப்பிரிவாகக் கல் நட்டுக் கிடக்கலாம். கோடையில் காய்ந்து கிடந்த வயல் நடவு முடிந்ததும் சேறு. பயிற்சியின்போது சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றி வரும் பயிற்சிப் பாதை) அடிக்கையில் கிராஸ்விண்டுக்கு, அதாவது முதல் திருப்பத்துக்கு, திரும்பும் முன் ஒரு கணம் கீழே பார்த்து, தாளில் வரைந்ததோடு ஒப்பிடுங்கள்.

5. ரன்வே வாசலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்

மனதுக்குள் சொன்னால் போதாது. தனியாக இருந்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் குற்றமில்லை. கை கேட்டுக்கொண்டிருந்தால் சரி. தரை உயரம் 1000 அடி உள்ள தளத்துக்கு ஒரு மாதிரி:

‘55க்கு முன்னால் எது சரியில்லை என்றாலும் த்ராட்டில் மூடி பிரேக். கிளம்பிய பிறகு ரன்வே மிச்சமிருந்தால் அதிலேயே இறங்குகிறேன். ரன்வே முடிந்தபின் 2000 வரை நேராகத்தான், இடது பக்கம் அந்தச் சோளக்காடு. 2000க்கு மேலே போனபின்தான் திரும்புகிற பேச்சு. காற்று இடமிருந்து, திரும்பினால் இடப்பக்கம். நின்றால் மூக்கு கீழே, 70.’

இதில் 2000 என்பது ஆல்டிமீட்டர் காட்டும் எண். க்யூஎன்ஹெச் (கடல் மட்டக் காற்றழுத்தம்) வைத்திருந்தால் ஆல்டிமீட்டர் கடல் மட்டத்திலிருந்து காட்டும். தரையிலிருந்து 1000 அடி என்றால் முள் 2000ஐக் காட்டும். தரை உயரத்தைக் கூட்டாமல் ‘1000 அடி’ என்று மனதில் பதித்துக்கொண்டால், டயர் தரையில் இருக்கும்போதே அந்த எண் வந்துவிடும். மாணவர்கள் விழும் பொறிகளில் இது மிகச் சாதாரணமானது.

திரும்புவது காற்று வரும் பக்கமாக ஏன்? பக்கக்காற்று உங்களை ரன்வேயின் நேர்கோட்டை நோக்கித் தள்ளும். எதிர்ப்பக்கம் திரும்பினால் கோட்டை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும்.

6. ஓட்டத்தின்போது

முழு த்ராட்டில் கொடுத்ததும் ஆர்பிஎம் 2300 முதல் 2400க்குள் வர வேண்டும். ஆயில் பிரஷர் பச்சையில், வேகமானியில் முள் உயிரோடு. இம்மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கப் பழகுங்கள். ரன்வே பாதி வருவதற்குள் 55இன் 70 சதவீதம், அதாவது 39 நாட், வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று ஓட்டியவர்கள் வேலியில்தான் போய் நிற்கிறார்கள்.

ஓடும்போதே எஞ்சின் நின்றால்: த்ராட்டில் ஐடில், பிரேக், ஃப்ளாப் மேலே, மிக்ஸ்சர் கட், இக்னிஷன் ஆஃப், மாஸ்டர் ஆஃப். ஃப்ளாப்பை ஏற்றினால் தூக்குவிசை குறைந்து எடை சக்கரத்துக்கு வரும், பிரேக் பிடிக்கும்.

கிளம்பி ஐம்பது அடிதான், முன்னால் ரன்வே கிடக்கிறது என்றால் த்ராட்டிலை முழுதாக மூடிவிட்டு இறங்குங்கள். மூடாமல் விட்டால், இருமி நின்ற எஞ்சின் நீங்கள் இறங்கும் நேரம் பார்த்து மறுபடி உறுமும்.

7. எஞ்சின் நின்றது: மூக்கு கீழே

இந்த ஒரு அசைவுக்காகத்தான் மற்ற எல்லாமே. ஏறும்போது மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. சக்தி போனதும் மூக்கை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால், ஏறும் கோணமும் இழுவையும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 4 நாட் வேகத்தைத் தின்னும். 74இல் தொடங்கினால் 48க்கு வர ஆறேழு நொடிதான். அதில் ‘என்ன ஆச்சு?’ என்று திகைப்பதிலேயே நான்கு நொடி போய்விடும் என்பது பயிற்சிக் கணக்கு. வேகம் 58க்கு வந்திருக்கும். மிச்சம் மூன்று நொடிகூட இல்லை.

ஆகவே சத்தம் மாறிய அந்தக் கணமே கட்டுப்பாட்டை முன்னால் தள்ளுங்கள். ‘லேசாக’ அல்ல. ஏறும்போது தெரிந்த வானம் போய்க் கண்ணாடி முழுக்கத் தரை தெரிய வேண்டும். 300 அடியில் தரையை நோக்கி மூக்கைக் கவிழ்ப்பது உடம்புக்குப் பிடிக்காத காரியம். கை தானாகவே பின்னால் இழுக்கும். அதைப் பழக்கத்தால் மட்டும்தான் வெல்ல முடியும். வேகம் 70இல் நின்றதும் ட்ரிம் வைத்து அதை நிலைப்படுத்துங்கள்.

8. எதைத் தொடுவது, எப்போது

உயரத்தைப் பொறுத்தது.

300 அடிக்குள்: மூக்கு, இடம், ஃப்ளாப். வேறெதுவும் வேண்டாம். நேரம் மிஞ்சினால் மிக்ஸ்சரை இழுங்கள்.

300 முதல் 800 வரை: வேகம் நிலைத்து இடம் முடிவான பிறகு ஒரே ஒரு சுற்று கையை ஓட்டலாம். ஃப்யூயல் செலக்டர் போத், ஷட்-ஆஃப் உள்ளே, ஆக்ஸ் பம்ப் (துணை எரிபொருள் பம்ப்) ஆன், மிக்ஸ்சர் ரிச், இக்னிஷன் போத். ஐந்து நொடி. உயிர் வரவில்லையா, விட்டுவிடுங்கள். தலையைக் குனிந்து சுவிட்ச் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் வேகம் வடிகிறது.

இறங்குவது உறுதியான பிறகு: மிக்ஸ்சர் கட், ஷட்-ஆஃப் வெளியே இழுத்து, இக்னிஷன் ஆஃப், ஃப்ளாப் முழுதாக, பிறகு மாஸ்டர் ஆஃப், கதவுத் தாழ் திறந்து. மாஸ்டரை முதலில் அணைத்தால் ஃப்ளாப் வராது. 172எஸ்ஸில் ஃப்ளாப் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஜி1000 (திரையில் காட்டும் கருவித் தொகுதி) உள்ள விமானமென்றால் ஸ்டாண்ட்பை பேட்டரியையும் அணைக்க வேண்டும். கதவைத் திறந்து வைப்பது, மோதலில் சட்டம் கோணினால் கதவு சிக்கிக்கொள்ளாமலிருக்க.

ரேடியோ? இருக்கும் அலைவரிசையிலேயே ‘மேடே, மேடே, மேடே’, கால்சைன், ‘எஞ்சின் ஃபெயிலியர், லேண்டிங் ஸ்ட்ரெய்ட் அஹெட்’. அவ்வளவு போதும். 121.5க்கு (அவசர அலைவரிசை) மாற்றுவதும் ட்ரான்ஸ்பாண்டரில் 7700 (அவசரக் குறியீடு) போடுவதும் இந்த உயரத்தில் வீண்வேலை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

9. திரும்பலாமா?

பெரும்பாலும் கூடாது. 180 டிகிரி போதும் என்று தோன்றும். ஆனால் வட்டமடித்தால் ரன்வேக்குப் பக்கவாட்டில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து கோட்டுக்கு வர இன்னும் 45, நேராக்க மறுபடி 45. மொத்தம் 270 டிகிரி.

70 நாட்டில் 30 டிகிரி பேங்க் (இறக்கைச் சாய்வு) போட்டால் அதற்கு 30 நொடி, வட்டத்தின் அகலம் 460 மீட்டர். 45 டிகிரி பேங்கில் 17 நொடி, 260 மீட்டர். ஆகையால் திரும்புவது என்றால் 45தான். அதற்கு விலை உண்டு: ஸ்டால் வேகம் 48இலிருந்து 57க்கு ஏறும், இறக்கம் நிமிடத்துக்கு 1300 அடியைத் தொடும். எல்லாம் கச்சிதமாக நடந்தாலே திருப்பத்துக்கும் திகைப்புக்கும் சேர்த்து 400 அடிக்கு மேல் போய்விடும். பதற்றத்தில் பேங்க் 60க்குப் போனால் ஸ்டால் வேகம் 68. கிளைடு வேகமும் அதே 68. அங்கே பிழைக்க இடமில்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தன் பயிற்சிக் கைநூலில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறது: 300 அடியில் எஞ்சின் நின்று, நான்கு நொடி திகைத்து, நொடிக்கு 3 டிகிரி வீதம் 65 நாட்டில் திரும்பினால், 225 டிகிரி முடிவதற்குள் 1316 அடி இறங்கியிருக்கும். அதாவது ரன்வேக்கு 1016 அடி கீழே. மெதுவாகத் திரும்பினால் தரை வந்துவிடும், வேகமாகத் திரும்பினால் ஸ்டால்.

இன்னொரு பொறி கண்ணுக்கானது. கிளம்பியது எதிர்காற்றில். திரும்பியதும் அது பின்காற்று. தரை விருட்டென்று ஓடுவதைப் பார்த்து ‘வேகம் அதிகம்’ என்று மூக்கைத் தூக்கத் தோன்றும். ரன்வே தப்பிப் போவதைப் பார்த்து உள்பக்க ரடரை (வாலின் திருப்புத் தகட்டுக்கான மிதியை) மிதித்து மூக்கை இழுக்கத் தோன்றும். இரண்டும் சேர்ந்தால் ஸ்பின், அதாவது சுழன்றுகொண்டே விழுவது. 200 அடியில் ஸ்பின்னிலிருந்து மீள வழியில்லை. கண்ணை வேகமானியிலும் பந்திலும் (பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவி) வையுங்கள்.

10. பாதி நின்ற எஞ்சின்

முழுதாக நின்ற எஞ்சினைவிட இதுவே ஆபத்து. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான ஏடிஎஸ்பி 2000 முதல் 2010 வரையிலான பதிவுகளை எண்ணிப் பார்த்தது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் டேக்ஆஃபுக்குப் பின் பகுதிச் சக்தி இழப்பு 242. அவற்றில் உயிர் போனவை 9. முழுதாக நின்றவை 75, உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை. நின்ற எஞ்சின் முடிவை உங்களுக்காக எடுத்துவிடுகிறது. இருமிக்கொண்டு ஓடும் எஞ்சின் ஆசை காட்டுகிறது.

செய்ய வேண்டியது: மூக்கை இறக்கி 70. ஆக்ஸ் பம்ப், மிக்ஸ்சர் பாருங்கள். கடகடவென்று அதிர்ந்தால் மேக்னெட்டோவை இடது, வலது என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள். ஒன்றில் சீராக ஓடினால் அதிலேயே விடுங்கள். பிறகு ஒரே கேள்வி: 70ஐப் பிடித்துக்கொண்டு உயரம் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் முழுதாக நின்றதாகவே எண்ணி முன்னால் இறங்குங்கள். நின்றால் 15, 20 டிகிரி பேங்குக்கு மேல் போகாமல், எந்தக் கணமும் நின்றுவிடும் என்ற எண்ணத்தோடு நல்ல நிலத்தின் மேலாகவே வளைந்து வாருங்கள். குடியிருப்புக்கு மேல் குறுக்குவழி வேண்டாம். இறங்கும் இடம் கைக்கு எட்டியதும் த்ராட்டிலை நீங்களே மூடுங்கள்.

11. தரையைத் தொடும் விதம்

விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை விடுங்கள். காக்க வேண்டியது உட்கார்ந்திருக்கும் கூண்டை. இறக்கையும் சக்கரமும் அதற்காகச் செலவாகலாம்.

43 நாட்டில் தரையில் போகும் விமானம், உடம்பு தாங்கக்கூடிய 9ஜி (எடையைப் போல் ஒன்பது மடங்கு விசை) வரம்பில் சீராக நிற்க மூன்று மீட்டர்கூட வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. பத்து நாட் எதிர்காற்றில் 40இல் தொட்டால் தரை வேகம் 30. அதே காற்று பின்னாலிருந்தால் 50. மோதலின் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே முழு ஃப்ளாப், எதிர்காற்று, மிகக் குறைந்த வேகம், ஆனால் இறக்கை மட்டமாக. உயரத்தில் ஸ்டால் ஆகி விழுவது இதில் சேராது. ஃபிளேர் (தொடும் முன் மூக்கைத் தூக்குவது) வரை 65ஐ விடாதீர்கள்.

வயல் என்றால் வரப்புக்குக் குறுக்கே போகாமல் வரப்போடு நீளவாக்கில் இறங்குங்கள். சேற்று வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். தொட்ட பிறகும் கட்டுப்பாட்டை வயிற்றோடு இழுத்துப் பிடித்து மூக்கைத் தாமதப்படுத்துங்கள். கரும்புக் காட்டில் தோகையின் உச்சியைத்தான் தரையாக எண்ணி ஃபிளேர் செய்ய வேண்டும். மரங்கள்தான் வழி என்றால் மூக்கை இரண்டு அடிமரங்களுக்கு நடுவில் செலுத்துங்கள்; இறக்கைகள் மோதி வேகத்தை வாங்கிக்கொள்ளும். சாலை கண்ணுக்கு நேராக, அழகாகத் தெரியும். ஓரத்துக் கம்பிகள் தெரியாது. கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு.

12. பழகுவதற்கு ஆகும் நேரமும் செலவும்

நிறுத்திய விமானத்தில் மாஸ்டர் ஆஃப், சாவி வெளியே, கண்ணை மூடிக்கொண்டு கைகளால் வரிசையைத் தொட்டுப் பழகுவது இலவசம். நாளுக்குப் பத்து நிமிடம்.

பறந்து பழக மணிக்கட்டணம் உண்டு. இதற்கென்று தனியாக ஒரு பறப்பு வேண்டாம். ஸ்டால் பாடத்தன்று இருபது நிமிடம் கூட்டிக்கேளுங்கள். தரையிலிருந்து 3000 அடிக்கு மேல், பயிற்றுநரோடு, 74இல் முழுச் சக்தியில் ஏறி, குறித்த உயரத்தில் த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து, நான்கு நொடி எண்ணி, மூக்கை இறக்கி, 45 பேங்கில் 270 டிகிரி திரும்பி, இறக்கத்தை நிறுத்துங்கள். இழந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்து, மோசமான எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். ரன்வே வாசலில் சொல்லும் உங்கள் ப்ரீஃபிங்கில் இதற்குக் கீழான உயரம் வரவே கூடாது. ஐடிலில் ஓடும் ப்ரொப்பெல்லரைவிட, நின்ற எஞ்சினைக் காற்று சுழற்றும்போது இழுவை அதிகம். பெருக்குவது அதனாலும்தான். இந்த எண் திருப்பத்துக்கு மட்டுமே. மூன்றாம் படியில் பார்த்த தூரக் கணக்கு இதற்கு மேல் தனியாக வேண்டும்.

தரைக்கு அருகில் பயிற்சிக்காக மிக்ஸ்சரை இழுக்கவோ சாவியைத் திருப்பவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். பாவனையாக நின்ற எஞ்சின் நிஜமாகவே நின்றுவிடும்.

13. இறங்கிய பின்

பெல்ட்டைக் கழற்று முன் ஹெட்செட்டைக் கழற்றுங்கள். கயிறு கழுத்தில் சிக்கும். ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல் சுற்றி, காற்று வரும் திசையில் ஐம்பது மீட்டராவது விலகுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் ஈஎல்டி (அவசர இடங்காட்டிக் கருவி) மோதலில் தானாகவே கூவத் தொடங்கும். அந்தச் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் மையத்துக்குப் போகும். கூவவில்லை என்று தெரிந்து, தீ அபாயமும் இல்லை என்றால் மட்டும் பேனலில் உள்ள சுவிட்சை ஆன் செய்யுங்கள். போனில் 112, பிறகு பள்ளி.

விபத்து விசாரணை, விமான விபத்துப் புலனாய்வு அமைப்பான ஏஏஐபியின் வேலை. அவர்கள் அனுமதி இல்லாமல் விமானத்தை நகர்த்தக்கூடாது. ஆளை மீட்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஃப்யூயல் செலக்டர், மிக்ஸ்சர், ஃப்ளாப் எந்த நிலையில் இருந்தன என்று யாரும் தொடும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று எண்ணெய் நிரப்பிய பவுசரிலிருந்து (எரிபொருள் லாரி) மாதிரி எடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லி, பள்ளிக்கு முதல் அழைப்பிலேயே கேளுங்கள். மறுநாள் கேட்டால் அந்த பவுசரில் புது எண்ணெய் நிரம்பியிருக்கும்.

ஊர்க்காரர்கள் பத்து நிமிடத்தில் கூடிவிடுவார்கள். உதவத்தான் வருவார்கள். இறக்கையிலிருந்து ஏவ்கேஸ் சொட்டிக்கொண்டிருக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது பீடியை அணைக்கச் சொல்லித்தான்.